ஆறாம் வகுப்பில் 81 வாங்கினால் கால்குலஸ் போய்விடுமா?

நார்த்_டெக்சஸ்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். பையன் ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு மேத்ஸ் படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு ஸ்டார் தேர்வில் (டெக்சஸ் மாநிலத் தேர்வு) நல்ல ஸ்கோர் என்று பள்ளியே அதில் போட்டது, நாங்கள் கேட்கக்கூட இல்லை. இப்போது சராசரி 81. ஏழாம் வகுப்புக்கு ‘ஆன்-லெவல்’ (சாதாரண நிலை) மேத்ஸ்தான் பரிந்துரை என்று கடிதம் வந்திருக்கிறது. டெஸ்ட் மார்க் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். ஹோம்வொர்க்கைச் செய்துவிட்டு சப்மிட் பண்ண மறந்துவிடுகிறான், அதற்கு வரிசையாகப் பூஜ்யம். பக்கத்து வீட்டுக்காரர் “அவ்வளவுதான், கால்குலஸ் போச்சு” என்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பூஜ்யம் பன்னிரண்டாம் வகுப்பு வரை துரத்துமா? பள்ளியோடு சண்டை போடுவதா, விட்டுவிடுவதா?

கால்குலஸ்_அப்பா:
சண்டை போடுங்க, சகோதரி. இன்னிக்கே போடுங்க. எட்டுல ஆல்ஜீப்ரா ஒன், ஒன்பதுல ஜியாமெட்ரி, பத்துல ஆல்ஜீப்ரா டூ, பதினொண்ணுல ப்ரீகால்குலஸ், பன்னிரண்டுல காலேஜ் லெவல்ல இருக்கற ஏபி கால்குலஸ். ஒரு வருஷம் தள்ளி ஆரம்பிச்சா ப்ரீகால்குலஸோட ஸ்கூல் முடிஞ்சிடும். நடுவுல ஏறிக்கலாம்னும் நினைக்காதீங்க. இங்க பல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல அட்வான்ஸ்டு பசங்க ஆறு, ஏழு ரெண்டு வருஷத்துலயே எட்டாம் வகுப்புப் பாடத்தையும் சேர்த்து முடிச்சிடுவாங்க. ஏழுல இறங்கினவனுக்கு அந்தப் பாதி விட்டுப்போகும். அப்புறம் எட்டுல ஆல்ஜீப்ரா கேட்டா, “இவன் இன்னும் படிக்கலையே”ன்னு அவங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கும்.

இதுல ரேங்க் வேற இருக்கு. யூடி ஆஸ்டின் (டெக்சஸ் யூனிவர்சிட்டி) தானா சீட் குடுக்கறது முன்னாடி கிளாஸ்ல முதல் 6 சதவீதத்துக்கு. 2026 அட்மிஷன்லேர்ந்து 5 சதவீதம். மார்க்குக்கு வெயிட் கூடுன கஷ்டமான கோர்ஸ் எத்தனை எடுத்தான்ங்கறதுலதான் அந்த ரேங்கே நிக்குது.

எட்டயபுரத்தான்:
ஃபர்ஸ்ட் குரூப் கெடைக்கலன்னா பய வீணாப் போயிட்டாம்னு அழுத வீட்டுல இருந்து கெளம்பி வந்தவங்கதானே நாம எல்லாரும். அந்தப் பயத்தப் பெட்டியில வச்சுப் பூட்டி இங்கயும் கொண்டாந்துட்டோம். அங்கயாச்சும் பத்தாவதுக்குப் பொறவுதான் குரூப்பு. இங்க ஆறாவதுலயே ஆரம்பிச்சாச்சு.

எம் மவ ஒஹாயோவுல ஒம்பதாவதுலதான் ஆல்ஜீப்ரா ஒன் எடுத்தா. பத்தாவதுல ஜியாமெட்ரியையும் ஆல்ஜீப்ரா டூவையும் ஒண்ணா எடுத்தா. பன்னெண்டுல ஏபி கால்குலஸ் முடிச்சிட்டா. இப்போ மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மிடில் ஸ்கூல் மார்க்க எந்தக் காலேஜும் கேக்கல. நார்த் டெக்சஸ் அம்மா, நிம்மதியா இருங்க. கால்குலஸ் அப்பா, யூடி சீட்டு தானா வரும், நீங்க கேக்குற மேஜரு, அதான் படிப்புப் பிரிவு, தானா வராது. அதையும் சேத்துச் சொல்லுங்க.

கால்குலஸ்_அப்பா:
மேஜர் விஷயம் ஒத்துக்கறேன். மார்க்கைக் கேக்க மாட்டாங்க, அதுவும் சரி. ஆனா அந்த மார்க் எந்தக் கிளாஸ்ல கொண்டுபோய் விட்டுச்சுன்னு ஹைஸ்கூல் மார்க் ரெக்கார்டான டிரான்ஸ்கிரிப்ட் சொல்லிடுமே! டெக்சஸ்ல எட்டாவதுல எடுக்கற ஆல்ஜீப்ரா ஒன்னே ஹைஸ்கூல் கிரெடிட்தான், டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறிடும். பத்தாவதுல ரெண்டு மேத்ஸ் எடுத்தா எலெக்டிவ் ஒண்ணு போகும். பேண்ட் வாசிக்கற பையனா இருந்தா எதை விடுவான்?

எட்டயபுரத்தான்:
டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறும்லா? அதத்தான் நானும் சொல்லுதேன். பதிமூணு வயசுல எடுத்த ‘பி’யும் ஏறிருமே. சில டிஸ்ட்ரிக்ட்ல ஜிபிஏங்குத மொத்த சராசரியிலயும் சேத்துருவான். முந்திக்கிட்டுப் போயி ‘பி’ வாங்குததுக்கு, ஒரு வருசம் பொறுத்து ‘ஏ’ வாங்குனா என்ன கெட்டுப்போச்சு?

பே_ஏரியா_அக்கா:
இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஜிபிஏ கணக்கில் பத்து, பதினொன்றாம் வகுப்பு மார்க்தான் வரும். எட்டில் எடுத்த ஆல்ஜீப்ரா தகுதிப் பாடமாகச் செல்லும், ஆனால் மார்க் சேராது. டெக்சஸில் உங்கள் டிஸ்ட்ரிக்ட் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் “பொறுத்தால் என்ன” என்பதற்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் 2014இல் எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவை எல்லாருக்குமே எடுத்துவிட்டது. சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கக் கூடாது, கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் பின்தங்கக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நடந்தது வேறு. வசதி உள்ளவர்கள் வெளியே பணம் கட்டி ஆல்ஜீப்ரா படிக்க வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் பார்த்தபோது, அட்வான்ஸ்டு கணக்குப் பாடங்களில் இனங்களுக்கிடையே இருந்த இடைவெளி குறையவே இல்லை. 2024 பிப்ரவரியில் போர்டு ஆல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. அடுத்த மாதம் நகர வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதையே கேட்டார்கள்.

ராபர்ட் மோசஸ் பெயர் இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அறுபதுகளில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உயிரைப் பணயம் வைத்தவர். எண்பதுகளில் அவர் மகள் படித்த மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆல்ஜீப்ராவே இல்லை. தானே போய்ச் சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்ஜீப்ரா ப்ராஜெக்ட். நம்மவர்கள் மட்டும்தான் இதற்குப் பதறுகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

எட்டயபுரத்தான்:
அக்கா, மோசஸ் எல்லாப் புள்ளைக்கும் கேட்டாரு. இங்க நாம நம்ம புள்ளைக்கு மட்டும் ஸ்கூல் கவுன்சிலருக்கு மெயில் போடப் போறோம். இங்கிலீஷ் சரியா வராத, ரெண்டு வேல பாக்குத தாய் தகப்பன் எந்த மெயிலப் போடுவாங்க? அந்தப் புள்ளையும் 81 வாங்கியிருக்கும்லா.

பே_ஏரியா_அக்கா:
அதற்காகத்தானே டெக்சஸில் 2023இல் சட்டம் வந்தது? ஐந்தாம் வகுப்பு ஸ்டார் கணக்குத் தேர்வில் மேல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளைத் தானாகவே ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டில் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால்தான் பெற்றோர் சொல்ல வேண்டும். அதற்கு முன் டீச்சர் பரிந்துரை, பெற்றோர் விண்ணப்பம் என்றிருந்தபோது நல்ல ஸ்கோர் எடுத்தும் வெளியே நின்ற பிள்ளைகள் நிறைய. இந்தப் பையனும் அப்படி உள்ளே வந்தவன்தான், அம்மாவே எழுதியிருக்கிறார்.

கால்குலஸ்_அப்பா:
சட்டம் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துடுச்சு. உள்ள நிக்க வைக்கறது யாரு? அதே பழைய மார்க்தான். டெஸ்ட்ல உள்ள வந்தவன ஹோம்வொர்க்ல வெளிய அனுப்புது.

கணக்கு_டீச்சர்:
கலிஃபோர்னியா அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் கணக்கு எடுத்து ஓய்வுபெற்றவள். இரு பக்கமும் வேகமாக ஓடுகிறீர்கள்.

சீக்கிரம் ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2000களில் எங்கள் மாநிலம் எல்லாரையும் எட்டாம் வகுப்பிலேயே ஆல்ஜீப்ராவுக்குத் தள்ளியது. பின்னமும் விகிதமும் பிடிபடாமல் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒன்பதில் அதே பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். அதைவிட மோசம், நன்றாகத் தேறியவர்களிலும் பலரைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி டிஸ்ட்ரிக்டுகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு அதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் 2015இல் சட்டம் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வகுப்பைத் தீர்மானிக்கப் பல அளவுகோல்களைப் பார்க்க வேண்டும், பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், பெற்றோர் ஆட்சேபிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அது. டெக்சஸுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் அதே மூன்றையும் நீங்கள் உங்கள் பள்ளியிடம் கேட்கலாம்.

81 என்ற எண்ணுக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. பையனுக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒன்று. பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுக்கிறானா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தண்டனை கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கான தண்டனை எளிய கணக்கு வகுப்பாக இருக்கக் கூடாது. தெரிந்ததையே திரும்பச் சொல்லும் வகுப்பில் அவன் இன்னும் அதிகமாகத்தான் மறப்பான். வட கரோலினாவில் 2018 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. மாநிலத் தேர்வில் உச்ச நிலை எடுத்த மாணவருக்கு அட்வான்ஸ்டு கணக்கு வகுப்பு தந்தே ஆக வேண்டும், சராசரி என்னவாக இருந்தாலும்.

எட்டயபுரத்தான்:
டீச்சர், உங்க பேச்ச மதிக்கேன். ஆனா அட்வான்ஸ்டு வகுப்பு ஓடுத வேகத்துல தாளக் குடுக்காத பய மூணு வாரத்துல முங்கிருவான். ஒழுங்கும் கணக்குல ஒரு பங்குதானே?

கணக்கு_டீச்சர்:
டெஸ்டில் எழுபது வாங்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்வதே பொருந்தும். அப்படியிருந்தால் நானே ஆன்-லெவல் போகச் சொல்லியிருப்பேன். தொண்ணூறுக்கு மேல் வாங்குபவன் எங்கே முங்குகிறான்?

நார்த்_டெக்சஸ்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கவுன்சிலரிடம் பேசினேன். ஸ்டார் ரிசல்ட் ஜூனில் வரும், ‘மாஸ்டர்ஸ்’ என்ற உச்ச நிலை வந்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார். கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

கால்குலஸ்_அப்பா:
பாத்தீங்களா! ஃபோன்ல சொன்னதை மெயில்லயும் வாங்கி வச்சுக்குங்க. இல்லேன்னு ஆயிட்டாலும் க்ரெடிட் பை எக்ஸாம் இருக்கு. படிக்காத கோர்ஸுக்கே பரீட்சை எழுதி 80 எடுத்தா டெக்சஸ்ல தாண்டிப் போகலாம். டெக்சஸ் டெக், யூடி ஆஸ்டின் ரெண்டுமே அந்தப் பரீட்சைய வச்சிருக்காங்க. எந்தத் தேதிக்குள்ள பதிவு பண்ணணும்னு டிஸ்ட்ரிக்ட் சைட்ல பாருங்க. ஜூன், ஜூலை முழுக்க உக்காந்தா முடிச்சிடலாம்.

எட்டயபுரத்தான்:
ஜூன் ஜூலை முழுக்க! பய எப்போ நீச்சல் குளத்துக்குப் போவான்?

பே_ஏரியா_அக்கா:
சகோதரி, தினமும் ராத்திரி சப்மிட் பட்டனை அழுத்திவிட்டானா என்று மட்டும் பாருங்கள். மே கடைசி வரை பூஜ்யம் விழாமல் இருந்தாலே 81 மாறிவிடும்.

நார்த்_டெக்சஸ்_அம்மா:
நேற்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன், அக்கா. ஜூனில் ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுகிறேன். கால்குலஸ் அப்பா, கவுன்சிலருக்கு அனுப்பின மாதிரி மெயில் ஏதாவது இருந்தால் தனியே அனுப்ப முடியுமா?

எட்டயபுரத்தான்:
அனுப்பும்போது அதுல கால்குலஸ்னு ஒரு எடத்துலயும் வராமப் பாத்துக்கிடுங்க. ஆறாவது படிக்குத பயலப் பத்தின மெயிலு அது.