விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை

காட்பாடி_தம்பி:
மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதிலிருந்து வீட்டு டெஸ்க்டாப் பூட் ஆகவில்லை. லைட் எரிகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். தங்கையின் காலேஜ் புராஜெக்ட் முழுக்க அதில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் போயிருக்குமா?

சத்துவாச்சாரி_அண்ணன்:
பயப்படாதே தம்பி. டிஸ்க் கெட்டால்கூட ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் திரை பெரும்பாலும் வரும், எனக்கு ராம் (மதர்போர்டில் செருகியிருக்கும் மெமரி அட்டை) மேல்தான் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி, அப்புறம் ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டில் தூசி தட்டி, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்து. இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியை, சிஆர் 2032, சில நிமிடம் கழற்றி மாட்டு.

ராணிப்பேட்டை_வாசகி:
தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், பாருங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே வேண்டாம், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

காட்பாடி_தம்பி:
ராம்தான் அண்ணா! ஒன்றைக் கழற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. புராஜெக்ட் பென் டிரைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் ரொம்ப நன்றி.