ட்யூப் வைத்த கண்ணில் 6-வது வாரம்: ஒன்றில் பிரஷர் விழுகிறது, இன்னொன்றில் ஏறுகிறது. ஏன்?

கேள்வி – ஃபாலோஅப்_அறை

கிளாக்கோமாவுக்கு (கண்ணழுத்த நோய்) நீரை வடிக்கும் ட்யூப் இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்குப் பரிசோதனை அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறேன். 5, 6-வது வாரம் வரும்போதுதான் இடிக்கிறது. வால்வு இல்லாத வகையில் (பேர்வெல்ட், ஆரோலாப்) அதுவரை 24, 26 (பாதரச மி.மீ.) என்று நின்ற கண் பிரஷர் ஓரிரு நாளில் 8-க்கு இறங்கிவிடுகிறது. அஹ்மத் வால்வில் இது தலைகீழ்: முதல் வாரம் 8, ஆறாவது வாரம் 26. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே அளவு சிலிக்கான் ட்யூப்தானே? அந்த வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும்?

பதில் 1 – ஸ்லிட்லாம்ப்

பிரஷரைத் தீர்மானிப்பது ட்யூப் இல்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். கண்ணில் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் அக்வஸ் (கண்ணின் உள்நீர்) சுரக்கிறது. ட்யூபின் உள்விட்டம் சுமார் 0.3 மி.மீ. 10 மி.மீ. நீளத்துக்கு இந்த ஓட்டம் சந்திக்கும் தடை, குழாய் ஓட்டத்துக்கான பாய்சாய் சூத்திரப்படி பாதரச அளவில் ஒரு மி.மீ.யின் நூறில் ஒரு பங்கு. இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 45 மைக்ரான் துளையுள்ள ஜெல் ஸ்டென்ட் (கிளாக்கோமாவுக்கே வைக்கும் இன்னொரு நுண்குழாய்) வேறு சங்கதி. தடை விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், அதே நீளத்துக்கு அங்கே சுமார் 2,000 மடங்கு வரும். அதனால் அது தானாகவே ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நம் ட்யூப் வெறும் வாய்க்கால்.

மடை இருப்பது பின்னால், கருவிழி (கார்னியா) ஓரத்திலிருந்து 8–10 மி.மீ. தள்ளித் தைத்த, ட்யூபின் பின்முனையிலுள்ள ப்ளேட்டைச் சுற்றி. 4 முதல் 6 வாரத்துக்குள் உடம்பு அதன்மேல் ஒரு நார் உறை கட்டுகிறது. நீர் அந்த உறைக்குள் தேங்கி, சுவர் வழியாகக் கசிந்து, சுற்றியுள்ள ரத்த நுண்குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் போய்ச் சேர்கிறது. உறை எவ்வளவு அகலம், எவ்வளவு தடிமன் என்பதுதான் கடைசியில் நிற்கும் பிரஷர்.

இப்போது உங்கள் இரண்டு கண்களையும் பாருங்கள். வால்வு இல்லாததில் உறை உருவாகும் முன் நீரை விட்டால் கண் தட்டையாகிவிடும். அதற்காகத்தான் ட்யூபைக் கரையும் தையலால் கட்டுகிறார்கள். 5, 6-வது வாரம் அந்தக் கட்டு அவிழ்கிறது. உறை தயாராக இருக்கும், பிரஷர் இறங்கும். அஹ்மத்தில் முதல் நாளிலிருந்தே நீர் ஓடுகிறது. அறுவை முடிந்த கையோடு வரும் அக்வஸில் அழற்சிப் பொருட்கள் அதிகம். அவை நேரே ப்ளேட்டுக்குப் போய்ச் சேர்வதால் உறை தடித்துச் சிவந்து உருவாகிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். பரப்பும் சிறிசு: அஹ்மத் எஃப்.பி.7 184 ச.மி.மீ., பேர்வெல்ட்டின் பெரிய வகை 350. ஆக, ஒன்றில் கட்டு அவிழும் வாரம், மற்றதில் உறை இறுகும் வாரம். ஒரே தேதியில் வருவது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் கடிகாரம் அந்த உறைதான்.

பதில் 2 – ஓடி_மேசை

மேலே சொன்னது சரி. ஆனால் 6-வது வாரக் கோளாறுகளில் பாதி, அறுவை மேசையிலேயே விதைக்கப்பட்டவை.

அஹ்மத்தில் வால்வாக வேலை செய்யும் இரண்டு சிலிக்கான் சவ்வுகள் ஸ்டெரிலைஸ் ஆனதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 27 அல்லது 30 கேஜ் கேனுலாவை (மொட்டை ஊசி) ட்யூப் வாயில் வைத்து சுமார் 1 மி.லி. பி.எஸ்.எஸ். (உப்புக் கரைசல்) மெதுவாகச் செலுத்தி, ப்ளேட் பக்கம் நீர் பீறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தைக்க வேண்டும். இதை விட்டால் மறுநாளே பிரஷர் 30-க்கு மேல் நிற்கும். அதற்கு 'ஹைப்பர்டென்சிவ் ஃபேஸ்' (உறை இறுகுவதால் வரும் பிரஷர் ஏற்றம்) என்று பெயர் வைக்கக் கூடாது. இந்த ஃபேஸ் பொதுவாகச் சில வாரம் கழித்தே வரும். ஊசியை இறுக்கி அழுத்தினாலும் வால்வு கெட்டு, திறந்த குழாய் மாதிரி ஆகிவிடும்.

வால்வு இல்லாததில் 6-0 அல்லது 7-0 விக்ரில் (கரையும் நூல்) முடிச்சைப் போட்ட பிறகும் அதே கேனுலாவால் சோதிக்க வேண்டும். ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. கொஞ்சம் போனாலே 'பரவாயில்லை' என்று விட்ட கண்தான் இரண்டாம் நாள் முன்னறை (கருவிழிக்கும் அதன் பின்னுள்ள நிறவளையமான ஐரிஸுக்கும் இடையிலுள்ள இடம்) தட்டையாகி வரும். முடிச்சுக்கு முன்பக்கம், கருவிழி ஓரத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே, அந்தத் தையல் ஊசியாலேயே 2–4 சிறு கீறல்கள் போடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் அவை வாய் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். நோட்டில் 'கீறல் எத்தனை, ரிப்கார்டு (ட்யூபுக்குள் செருகி, பிறகு உருவும் நூல்) உண்டா' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் முதல் மாதப் பிரஷரை வாசிக்கவே முடியாது.

ட்யூப் உள்ளே போகும் பாதை 23 கேஜ். 22 எடுத்தால் (எண் குறைந்தால் ஊசி தடிமன்) ட்யூபின் ஓரமாகக் கசியும். கட்டு சரியாக இருந்தும் பிரஷர் 4 என்றால் முதல் சந்தேகம் அங்கே.

ஃபாலோஅப்_அறை

நன்றி. கட்டு அவிழ்ந்துவிட்டது என்று ஸ்லிட் லாம்ப்பில் எப்படி உறுதி செய்வது? மருந்துகளை எந்த வரிசையில் குறைப்பது?

பதில் 3 – வெளிநோயாளி_பிரிவு

ப்ளேட் மேல்-வெளிப்புறக் கால்பகுதியில் இருந்தால் நோயாளியைக் கீழேயும் மூக்குப் பக்கமும் பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்குங்கள். நேற்றுவரை ப்ளேட்டின் ஓரம் கூராகத் தெரிந்த இடத்தில் இப்போது வெண்படலம் (கண் வெள்ளையின் மேல்சவ்வு) வழவழவென்று குவிந்திருக்கும், ப்ளேட் விளிம்பு மங்கும். சந்தேகமிருந்தால் பி-ஸ்கேனில் (கண் அல்ட்ராசவுண்ட்) ப்ளேட்டின் மேல் கறுப்பான நீர்ப்பை தெரியும். பிரஷர் 26 ஆக இருந்து நீர்ப்பையே இல்லை என்றால் கட்டு இன்னும் பிடித்திருக்கிறது, அல்லது ட்யூப் வாயில் ஐரிஸ், ரத்தம், ஃபைப்ரின் (உறைந்த புரத இழை), விட்ரியஸ் (கண்ணின் பின்னுள்ள கூழ்) ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது. நீர்ப்பை பெரிசாக இருந்தும் பிரஷர் 26 என்றால் ட்யூப் ஓடுகிறது, உறைதான் விடவில்லை. இந்த ஒரே பார்வையில் பாதிப் பிரச்சினை பிரிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு: கட்டு அவிழ்ந்த பிறகும் டைமோலால், டார்ஸோலமைடு, அசெட்டசோலமைடு மாத்திரை எல்லாம் தொடர்வது. சுரப்பை மூடிவைத்து வடிகாலைத் திறந்தால் கண் 3, 4-க்குப் போகும். 4-வது வாரத்திலிருந்தே வாரம் ஒருமுறை வரச் சொல்லுங்கள். பிரஷர் விழ ஆரம்பித்ததும் முதலில் மாத்திரை, பிறகு சொட்டுகளை ஒவ்வொன்றாக, சர்ஜன் சொன்னபடி நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு சொட்டை மட்டும் கூடவே நிறுத்திவிடாதீர்கள். கட்டு அவிழும் நாட்களில் ஃபைப்ரின் ஊறும் கண்கள் உண்டு.

நோயாளிக்கான தாளில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியது: 5-லிருந்து 7-வது வாரம் வரை பளு தூக்கல், மூச்சடக்கி முக்கல், தலை தொங்கக் குனிதல் வேண்டாம், மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். திடீரென்று கண்ணைப் பிய்க்கிற வலியும் பார்வை மங்கலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பிரஷர் சட்டென்று விழுந்த கண்ணில் விழிநடுப்படலத்துக்கு அடியில் ரத்தம் கசிவது அப்படித்தான் தொடங்கும்.

பதில் 4 – ஸ்லிட்லாம்ப்

ஒரு சேர்க்கை. பிரஷர் 5-க்குக் கீழே என்ற எண்ணை மட்டும் வைத்து ஓடாதீர்கள், முன்னறையைப் பாருங்கள். ஐரிஸின் ஓரம் மட்டும் கருவிழியைத் தொட்டால் அட்ரோபின், ஸ்டீராய்டு, நெருக்கமான கண்காணிப்பு. கண்பாவை ஓரம் வரை தொட்டால் அன்றே சர்ஜன் பார்க்க வேண்டும். லென்ஸே கருவிழியைத் தொட்டால் அவசரம். காத்திருந்தால் கருவிழியின் உட்படல செல்கள் போய்விடும். கூடவே ஃப்ளோரசீன் போட்டு வெண்படலத் தையலில் கசிவு இருக்கிறதா என்று சைடல் சோதனை.

அஹ்மத் பக்கம்: 26 வந்ததும் 'ஆபரேஷன் தோற்றது' என்று எழுத வேண்டாம். இந்த ஏற்றம் பொதுவாக சில மாதங்களில் தணியும். சுரப்பைக் குறைக்கும் சொட்டுகளைச் சற்று முன்னதாகவே, பிரஷர் ஏறும் போக்கு தெரிந்ததுமே தொடங்குவது நல்லது. உறை குறைவாக விரியும், குறைவாகத் தடிக்கும். ஆனாலும் இரண்டு வகையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அஹ்மத்தையும் பேர்வெல்ட்டையும் நேருக்கு நேர் வைத்த ஏபிசி ஆய்வில் 5 ஆண்டு முடிவில் சராசரி பிரஷர் அஹ்மத்தில் 14.7, பேர்வெல்ட்டில் 12.7.

பதில் 5 – ஓடி_மேசை

மசாஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. அஹ்மத்தில் உறை இறுகும் கட்டத்தில் கீழ் இமை வழியாக விரலால் அழுத்தச் சில சர்ஜன்கள் கற்றுத் தருகிறார்கள். அதே தாளை வால்வு இல்லாதவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கட்டு அரைகுறையாகக் கரைந்திருக்கும் 4-வது வாரத்தில் அழுத்தினால் முடிச்சு வீட்டிலேயே அவிழும், பார்க்க ஆள் இருக்காது. இரண்டு வகைக்கும் தாளின் நிறத்தையே மாற்றிவிடுங்கள்.