ஹவாய் பற்றிய வினாடி வினாவுக்குக் கேள்விகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஹவாய் மாநிலத்தின் வரலாறு, பண்பாடு குறித்த வினாடி வினா ஒன்றைத் தயாரித்து வருகிறேன். 1893-இல் அரசி லிலியுவோகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டது, 1898-இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது, 1959-இல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானது ஆகியவற்றைக் கேள்விகளாக்கிவிட்டேன். ஆனால் ஆண்டை மட்டும் கேட்டால் (பள்ளித் தேர்வு போல) சலிப்புத் தட்டிவிடும். வெள்ளை மாளிகைக்கு முன்பே மின்விளக்கு எரிந்த இயோலானி அரண்மனை, 1879-இல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த சிறு நரம்பிசைக் கருவியிலிருந்து பிறந்த உகுலேலே, மாநிலக் கொடியின் மூலையில் இன்றும் இருக்கும் பிரிட்டன் கொடி போன்று, விடையைக் கேட்டதும் வியப்பு எழும் செய்திகளையே தேடுகிறேன். ஹூலா நடனம், உணவு, ஹவாய் மொழி ஆகியவற்றில் இதுவரை நல்ல கேள்வி எதுவும் அமையவில்லை. அறிந்தவர்கள் விடையோடும், அதைச் சரிபார்க்க உதவும் நூலின் பெயரோடும் ஓரிரு கேள்விகளை இங்கே பதிந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.