விண்டோஸ் 7 கொம்பியூட்டர்கள் அலுவலக வைஃபையில் ஏறுதில்லை: கடவுச்சொல் சரி, ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்குது

இரணைமடு:
கிளிநொச்சியில் ஒரு அலுவலகம். பழைய கொம்பியூட்டர் 6, எல்லாம் விண்டோஸ் 7 சேர்விஸ் பேக் 1, யூஎஸ்பி வைஃபை அடப்டர். ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழைகிற டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ், பீப் (PEAP) முறை, அதாவது சேர்வரின் சான்றிதழைப் பார்த்த பிறகே கடவுச்சொல் போகும். பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கிற ரேடியஸ் சேர்வரைப் புதுசாக்கின பிறகு ஒன்றும் ஏறுதில்லை. அதே பெயரை ஃபோனில் போட்டால் உடனே இணையுது. இரண்டில் திகதியும் பிழை. எங்கே தொடங்கலாம்?

முறிகண்டி:
திகதியில் தொடங்குங்கோ. மாரி காலத்தில் மின்னலுக்குப் பயந்து பின்னேரமே பிளக்கைக் கழற்றுவினம். பிறகு விடியும்வரை மணிக்கூட்டை ஓட்டுவது மதர்போர்ட் பட்டரி மட்டும்தான், அது கெதியாய் இறங்கும். சிஆர்2032, 3 வோல்ட். மீட்டரில் 2.8க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கோ. திகதி 2009இல் நின்றால் சேர்வர் தன்னை அடையாளம் காட்டுகிற சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று விண்டோஸ் கணக்குப் போடும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கிற கட்டத்துக்கே போகாது. திரையில் கடவுச்சொல் பெட்டி மட்டும் திரும்ப வருவதால் ஆட்கள் அதையே மாற்றி மாற்றி நாளைக் கழிக்கினம்.

நெடுங்கேணி:
மற்ற 4க்கும் காரணம் பெரும்பாலும் டிஎல்எஸ் (TLS), அதாவது நுழைவை மறைகுறியாக்குகிற முறையின் பதிப்பு. விண்டோஸ் 7 வைஃபை நுழைவுக்கு இயல்பாக டிஎல்எஸ் 1.0 மட்டுமே பேசும், புது சேர்வர்கள் 1.2க்குக் குறைந்ததை ஏற்காது. உங்கட சேர்வர் மென்பொருள் ஃபிரீரேடியஸ் என்றால், ஒவ்வொரு படியையும் திரையில் காட்டுகிற டீபக் முறையில் ஓட்டிப் பாருங்கோ, 'புரோட்டோகோல் வெர்ஷன்' என்று பிழை விழுந்தால் இதுதான்.

கேபி2977292 அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கோ, இல்லாவிட்டால் போடுங்கோ. பிறகு விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம் (HKEY_LOCAL_MACHINE), சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சேர்விசஸ், ராஸ்மேன், பிபிபி, ஈஏபி, 13 என்று உள்ளே போய், 'டிஎல்எஸ்வெர்ஷன்' (TlsVersion) என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதி, எண் வைக்கிற ஒரு டிவேர்ட் (DWORD) உருவாக்குங்கோ. டெசிமலைத் தெரிந்து 4032 போடுங்கோ. 1.0க்கு 192, 1.1க்கு 768, 1.2க்கு 3072, மூன்றும் சேர்ந்ததுதான் அந்த எண். ஹெக்ஸ் தெரிவில் 4032 அடித்தால் வேறு எண்ணாகிவிடும், அதில்தான் கனபேர் பிழைவிடுகினம். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

சேர்வரில் 1.0ஐத் திறந்துவிடுவது சுலபம்தான். ஆனால் 6 கொம்பியூட்டருக்காக எல்லாருடைய பாதுகாப்பையும் இறக்க வேண்டாம்.

இரணைமடு:
பட்டரி 2 மாற்றி, 4032 போட்டு, 5 ஏறிவிட்டன. நன்றி. ஒன்றில் மட்டும் பெட்டியே வராமல் தோற்குது. சேர்வர் லொக்கில் (பதிவுக் குறிப்பில்) பயனர் பெயருக்கு முன்னால் கொம்பியூட்டரின் பெயரும் ஒரு சாய்கோடும் விழுது.

நெடுங்கேணி:
அது விண்டோஸில் நுழைந்த பெயரைத் தானாகவே அனுப்புது. வைஃபை புரொப்பர்டீஸ், செக்யூரிட்டி, பீப் செட்டிங்ஸ் போய், எம்எஸ்சாப் வி2 (EAP-MSCHAP v2) என்ற கடவுச்சொல் முறைக்குப் பக்கத்திலுள்ள கன்ஃபிகரில் அந்த ஒரே டிக்கை எடுங்கோ. அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் 'யூசர் ஒதென்டிகேஷன்' தெரிந்துவிடுங்கோ.

முறிகண்டி:
அங்கே நிற்கிறபோது 'வலிடேட் சேர்வர் சேர்டிஃபிகேட்' டிக்கை மட்டும் எடுத்துவிடாதேங்கோ. எடுத்தால் அதே வைஃபை பெயரில் யாராவது ஒரு ரௌட்டரைப் பக்கத்தில் வைத்தாலும் கொம்பியூட்டர் அதனிடம் போய் நுழையப் பார்க்கும். சேர்வரின் சான்றிதழை வழங்கின அமைப்பின் ரூட் சான்றிதழ் இல்லாததால் மறுத்தால், அதைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து 'லோக்கல் கொம்பியூட்டர்' பகுதியின் 'ட்ரஸ்டட் ரூட்' பெட்டிக்குள் போடுங்கோ. வைஃபை ஏறாத கொம்பியூட்டர் அதை இணையத்திலிருந்து தானாக எடுக்க வழியில்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்துவிட்டது. சுவிட்ச் கிட்ட இருக்கிற கொம்பியூட்டருக்குக் கேபிள் இழுத்து, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கோ. 4 ஜிபி ரம் இருந்தால் நன்றாக ஓடும்.