கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தாச்சு, கைகொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் கிளை நூலகத்தில் நேற்று ஆறு கட்டுப் புத்தகங்கள் வந்து இறங்கின. நூலகர் ஒருவர்தான். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் சீட்டு ஒட்டிய பிறகுதான் அலமாரிக்குப் போகும். வாசகர் வட்டத்தில் நாங்கள் மூன்று பேர், மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பசை தடவுவதற்குள் கண்ணாடியைத் தேடவே நேரம் சரியாகிவிடுகிறது!

இந்த ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் யாராவது வர முடியுமா? கையெழுத்து தெளிவாக இருந்தால் போதும். டீயும் வடையும் என் பொறுப்பு.

அப்புறம் ஒரு சந்தேகம். ஒரு கட்டை மட்டும் பிரித்தோம். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு நடுவே பிள்ளைகளுக்கான படக்கதைகள், புது அச்சு வாசனை மாறாமல். மேல்தட்டில் வைத்தால் குழந்தைகளுக்கு எட்டாது. கீழ்த்தட்டில் மழைக்காலத்தில் ஓதம் ஏறிவிடும். உங்கள் ஊரில் எப்படி வைக்கிறார்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வந்த புத்தகம் கட்டுக்குள்ளேயே கிடந்தால் மனசு கேட்கவில்லை. வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், நூலகத்துக்கு வரும் வழியை எழுதி அனுப்புகிறேன்.