தெரபிஸ்ட் லீவில் போனதும் பதறினேன், இது யார் தப்பு?

வேம்படி:
ஒன்றரை வருடமாக ஒருவரிடம் மனநலத் தெரபிக்குப் போகிறேன். போன மாதம் மூன்று வாரம் லீவு என்றார், அதையும் நான்கு நாள் முன்னால்தான் சொன்னார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. திரும்பி வந்த அன்று கோபப்பட்டுக் கேட்டேன். “உங்களுடையது பதற்றமான அட்டாச்மென்ட், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது” என்று முடித்துவிட்டார். நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்று பதறுகிற பிணைப்பு என்று அதற்கு அர்த்தமாம். என் குணமா, அவர் தப்பா?

கரிசல்காரன்:
கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். காசு கொடுத்துப் பார்க்கிற ஒருவர் மூன்று வாரம் இல்லையென்றால் தூக்கம் கெடுகிறது என்றால் சிகிச்சை எங்கோ தடம் மாறியிருக்கிறது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-லேயே சொன்னார்: நோக்கம், செய்ய வேண்டிய வேலை, பிணைப்பு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு. உங்களுக்குப் பிணைப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது போலிருக்கிறது.

நிலாமுற்றம்:
கரிசல் சார், பிணைப்பு வந்ததையே கோளாறு என்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாழ்க்கையின் வலிகளைத் துணிந்து ஆராய ஒரு பாதுகாப்பான தளமாக இருப்பதே சிகிச்சையாளரின் முதல் வேலை என்று, அட்டாச்மென்ட் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பி 1988-ல் எழுதினார். தெரபிஸ்ட் மேல் உண்டாகும் பிணைப்பைத் தனியாக அளக்க மாலின்க்ராட் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 1995-ல் 36 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலே செய்தார்கள்.

வேம்படி, உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் பிணைப்புச் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டு அம்மா சற்று நேரம் வெளியே போவார். அழுததா என்பதை வைத்து மட்டும் எய்ன்ஸ்வொர்த் முடிவு கட்டவில்லை. பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தையும் அழும். அம்மா திரும்பி வந்ததும் அது எப்படித் தேறுகிறது என்பதைத்தான் கூர்ந்து பார்த்தார். நீங்கள் பதறியதை விடுங்கள். தெரபிஸ்ட் திரும்பி வந்த அன்று உங்கள் கோபத்தைக் கேட்க ஆள் இருந்தாரா? ஒரு பெயரை ஒட்டி வாயை அடைத்துவிட்டார். எனக்கு அதுதான் வருத்தம்.

கரிசல்காரன்:
கைக்குழந்தைச் சோதனையை வளர்ந்தவருக்குப் பொருத்தக் கூடாதம்மா. குழந்தையால் போன் பண்ணிக் கேட்க முடியாது, இவரால் முடியும். மூன்று வாரம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளப் பழகுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். ஆனால் நான்கு நாள் அவகாசம் போதாது. அது அவர் தப்புதான்.

நிலாமுற்றம்:
தாங்கப் பழக வேண்டும், சரி. அதற்கு முன்கூட்டியே சொல்லி, அந்த மூன்று வாரத்தை எப்படிக் கடப்பது என்று இருவரும் பேசியிருக்க வேண்டும். இன்னொன்று, அட்டாச்மென்ட் என்பது தெரபிக்கு வருபவருக்கு மட்டும் இருப்பதில்லை, எதிரே இருக்கும் தெரபிஸ்டுக்கும் உண்டு. கோபத்தைக் கண்டதும் அவர் ஏன் விலகினார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

வேம்படி:
“அன்று நான் கோபப்பட்டதைப் பற்றி முழுதாகப் பேச வேண்டும்” என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை போகிறேன்.

கரிசல்காரன்:
போங்கள். அடுத்த லீவை எத்தனை நாள் முன்பே சொல்வார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.