‘டூ அவர்ஸ்’ ‘டூ-அவர்’ ஆன கதை

ஆங்கிலத்தில் இரு சொற்களை இணைக்கும் சிறு கோட்டைப் (ஹைஃபன்) பற்றி, திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியில் நான் கற்ற ஒன்றை இங்கே பகிர்கிறேன். என் மைத்துனர் புறாத்தீவுக்குப் படகில் பயணிகளை ஏற்றிச் செல்பவர். அவருடைய பலகைக்கு, இரண்டு மணித்தியாலப் படகுப் பயணம் என்ற பொருளில், ‘டூ அவர்ஸ் போட் ட்ரிப்’ என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஒருநாள் படகுக்காகக் காத்திருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியையாம், என் பேனாவை வாங்கிப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் ‘டூ-அவர்’ என்று எழுதி, நடுவிலிருந்த சிறு கோட்டை இருமுறை அழுத்தி வரைந்து காட்டினார்.

இரண்டு மணித்தியாலம் பன்மையாயிற்றே, ‘எஸ்’ எங்கே என்று கேட்டேன். ‘ட்ரிப்’ என்ற பெயருக்கு முன்னால் நிற்கும்போது இரு சொற்களும் சேர்ந்து ஒரே பெயரடை ஆகிவிடுகின்றன என்றும், ஆங்கிலப் பெயரடை பன்மை விகுதி ஏற்காது என்றும், ‘த ட்ரிப் டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்று சொன்னால் ‘அவர்’ மீண்டும் பெயர்ச்சொல்லாகி ‘எஸ்’ஸைப் பெறும், கோடும் வேண்டாம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது பழக்கமானதுதான். ஐந்து தலை நாகம் என்கிறோம். ‘ஐந்து தலைகள் நாகம்’ என்று யாரும் சொல்வதில்லை. இதை முதலிலேயே சொல்லித் தந்திருந்தால் பள்ளியில் எத்தனை புள்ளிகளை இழக்காமல் இருந்திருப்பேன்!

இப்போது சாதாரணதர மாணவருக்குப் பாடம் சொல்லும்போது மீன் சந்தையிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஸ்மால் ஃபிஷ் செல்லர்’ என்று கோடின்றி எழுதினால், உருவத்தில் சிறியவரான மீன் வியாபாரியா, சின்ன மீன் விற்பவரா என்ற ஐயம் எழுகிறது. ‘ஸ்மால்-ஃபிஷ்’ என்று இணைத்துவிட்டால் சிறுமை மீனுக்கே உரியதாகிறது. நம் திருகோணமலைத் துறைமுகத்தை ‘டீப்-வாட்டர் ஹார்பர்’ என்பதிலும் ஆழம் நீரைச் சேர்ந்ததே. கோணேசர் கோயிலை ‘எ வெல்-நோன் டெம்பிள்’ என்று கோடிட்டு எழுதுகிறோம்; ‘த டெம்பிள் இஸ் வெல் நோன்’ என்று பெயருக்குப் பின்னால் வரும்போது பெரும்பாலும் கோடு நீங்கிவிடும்.

அப்படியானால் ‘நியூலி பெயின்டட் போட்’ என்பதற்கும் கோடு உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி. ‘நியூலி’ போல ‘லி’ என்று முடியும் வினையடை அடுத்த சொல்லையே தழுவும் என்பது அதன் வடிவத்திலேயே தெரிவதால், அங்கே கோடு போடுவதில்லை.